சிவப்புப் புள்ளித் திருகு

என் மேசையின் மேல் ஒரு குழாய்த் திருகு இருக்கிறது. நான்கு இதழ்களாக வார்த்த பித்தளை. மேலே பூசிய பளபளப்பு பாதிக்குமேல் உரிந்து, உப்பு அரித்த இடங்களில் பச்சை பூத்திருக்கிறது. நடுவில் வட்டமாக ஒரு சிவப்புப் புள்ளி. வெந்நீர்ப் பக்கத்துத் திருகு என்பதற்கு அது அடையாளம். விடைத்தாள்களைத் திருத்தும்போது மின்விசிறிக் காற்றில் அவை பறக்காமலிருக்க அதைத்தான் மேலே வைப்பேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். பழைய சாமான் சேர்க்கிற பைத்தியம் உங்களுக்கும் பிடித்துவிட்டதா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொன்னால் மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். மதினியைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். இத்தனை நாள் தள்ளிப்போட்டுவிட்டு இப்போது அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மதினி என் அண்ணனின் மனைவி. விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு கரிசல் ஊரில் பிறந்து தூத்துக்குடிக்கு வாழ வந்தவர். அண்ணனுக்குக் கப்பலில் வேலை. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. அவர்களுடைய மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் இல்லாத மாதங்களில் எங்கள் வீட்டில் மூன்றே பேர். பக்கவாதத்தில் இடதுபக்கம் முழுவதும் உணர்ச்சி போய்விட்ட அப்பா, மதினி, பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிற நான். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மதினியை நினைத்தால் அவருடைய முகத்துக்கும் முன்பாக வலது முழங்கையின் உட்பக்கம்தான் நினைவுக்கு வருகிறது. அப்பாவின் மேல் ஒரு சொட்டு விழுமுன், கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தில் தண்ணீரை ஓடவிட்டுப் பார்ப்பார். கோவிலில் தீபாராதனைக்கு நிற்கிறவர்கள் அப்படிக் கண் மூடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். "உள்ளங்கை பொய் சொல்லும் தம்பி. அடுப்புல கெடந்து காச்சுப்போச்சு. இங்கனதான் நெசம் தெரியும்" என்பார்.

அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். பெரிய கப்பல்கள் தாமாகத் துறைக்குள் திரும்ப முடியாது. சின்னப் படகு ஒன்று முட்டித் தள்ளியும் கயிறு கட்டி இழுத்தும் அவற்றை உள்ளே கொண்டுவர வேண்டும். முப்பது வருடம் அந்த வேலை. வாதம் வந்தபின் அவருக்குப் பேச்சும் போய்விட்டது. நாள் முழுக்க 'ஆ', 'ம்' என்ற இரண்டு சத்தங்கள்தான். ஆனால் குளியலறையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பிடரியில் வெதுவெதுப்பான தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது அவருக்கு வாய் திறக்கும். டாக்டரிடம் சொன்னோம். அப்படியும் நடக்கலாம் என்றார், அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை. "கயித்த விடுலே" என்பார் அப்பா. "மெல்ல, மெல்ல" என்பார். பிறகு கொஞ்சநேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு தெளிவாக, பழைய குரலில், "கொற்கைக்குக் கப்பல் வருது" என்பார்.

அவர் பிறந்தது கொற்கைப் பக்கம். என்றோ ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம், முத்து ஏற்றிய கப்பல்கள் நின்றனவாம். இப்போது கடலைப் பார்க்க வேண்டுமானால் அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். வாழைத்தோட்டமும் வயலும் ஒரு பழைய வன்னி மரமும்தான் இருக்கின்றன. அந்த வாழைகளுக்கு நடுவே அப்பா தினமும் காலையில் ஒரு கப்பலை இழுத்துக்கொண்டு போனார். "எத்தன கப்பல் மாமா?" என்று மதினி கேட்பார். "ஒண்ணுதான். பெருசு" என்பார் அப்பா. நான் பள்ளிக்கூடத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டே கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். கதவிடுக்கில் ஆவி வரும், சந்தனச் சோப்பு வாசனை வரும். வெளியே உண்மையான துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் ஊதும். உள்ளே அப்பா அதற்கு, "வாரேன், வாரேன்" என்பார். அந்த அரைமணி நேரம்தான் எனக்கு அப்பா இருந்தார். மீதி நேரம் அவருடைய உடம்புதான் இருந்தது.

இனி தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இரண்டு தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க, கழுவ. தாமிரபரணியிலிருந்து குழாய் வழியே வருவது நல்ல தண்ணீர், குடிக்க, சமைக்க. நல்ல தண்ணீர் என்று சொல்லும்போதே எங்களுக்குக் குரல் கொஞ்சம் தணியும். அது வருகிற நாளில் விருந்தாளி வந்தால்கூட, தண்ணீர் பிடித்து முடித்த பிறகுதான் வாங்க என்று சொல்லுவோம். இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி, தனித்தனிக் குழாய். ஒன்று மற்றதோடு சேரக் கூடாது. எங்கள் வீட்டில் அதைச் சேர்த்துவைத்தவன் நான்தான், அதுவும் நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

கீசருக்குள் உப்புத் தண்ணீர் போனால் உள்ளே வெள்ளையாகப் படிந்து, சூடேற்றுகிற கம்பி எரிந்துபோகும். எங்கள் வீட்டில் மூன்று முறை எரிந்தது. மூன்றாம் முறை எனக்கு வாத்தியார் புத்தி வேலை செய்தது. கீசருக்கு மட்டும் நல்ல தண்ணீரைக் கொடுத்துவிடலாம், பச்சைத் தண்ணீர் வழக்கம்போல் உப்புத் தண்ணீராகவே இருக்கட்டும் என்றேன். எங்கள் பக்கத்தில் பலரும் அப்படிச் செய்கிறவர்கள்தான். இங்கே ஒரு விஷயம். உப்புத் தண்ணீர்த் தொட்டி மாடிப்படி அறைக்கும் மேலே, உச்சியில் இருந்தது. நல்ல தண்ணீர்த் தொட்டியைப் பின்பக்கம் தனியாகக் கட்டிய குளியலறையின் தளத்தின் மேல், வேப்பமர நிழலில் வைத்திருந்தோம். குடிக்கிற தண்ணீர் குளுமையாக இருக்கட்டும் என்று. பிளம்பர் அண்ணாச்சி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு தொட்டியும் ஒரே ஒசரத்துல இருக்கது நல்லது சார்" என்றார். வெயிலில் வைத்தால் குடிக்கிற தண்ணீர் சுடும் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். இரண்டு திருகும் ஒரே வாயும் வைத்த புதுக்குழாய் ஒன்றையும், பித்தானை அழுத்தினால் தூவுகிற கை ஷவரையும் நானே போய் வாங்கி வந்தேன். "வாளில கலந்து ஊத்துனாப் போதாதா தம்பி?" என்று மதினி கேட்டார். இந்தக் காலத்தில் யாராவது வாளியில் கலக்குவார்களா என்று சிரித்தேன்.

உச்சியிலிருந்து இறங்குகிற தண்ணீர் வேகமாக வரும், தாழ்ந்த தொட்டியிலிருந்து வருவது சோம்பலாக வரும். இதை நான் வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறேன். என் வீட்டுக் குழாயில் பச்சைத் தண்ணீர் வெந்நீரை எட்டவே விடாமல் அமுக்கியபோது மட்டும் எனக்கு அது பாடமாகத் தெரியவில்லை. கீசரின் சூட்டைக் கூட்டிவைத்தேன். மதினி வெந்நீர்த் திருகை முழுக்கத் திறந்து, பச்சைத் தண்ணீர்த் திருகைக் கடுகளவு திறந்து, பாதி வாளி வீணாகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, முழங்கைக்குச் சரியென்று படுகிற இடத்தைக் கண்டுபிடிப்பார். அந்த இடம் ஒரு மயிரிழை. கண்டுபிடித்துவிட்டால் பிறகு திருகுகளைத் தொடவே மாட்டார். சோப்புப் போடும்போதும் கை ஷவரின் பித்தானை மட்டும் விட்டுவிடுவார். அந்த நாட்களிலிருந்துதான் அவர் ஒன்று சொல்லத் தொடங்கினார். "காப்பி கரிக்குது தம்பி. நல்ல தண்ணில உப்பு இருக்கு." நான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, உங்கள் ஊர்க் கிணற்று நினைப்பு இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை என்று கேலி செய்தேன். அவர் சிரித்துவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போனார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்பக்கத்தில் நான் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பிடித்த வேலை. நுரை தேய்த்துவிட்டு, கழுவுவதற்காக ரப்பர் ஓஸைக் குழாயில் மாட்டி முழுக்கத் திறந்துவிட்டேன். உப்புத் தண்ணீர் பாய்ந்து வந்தது. வேப்பிலைகளின் நிழல் ஈரத் தரையில் ஆடிக்கொண்டிருந்தது. குளியலறையின் சின்னச் சன்னல் என் தலைக்கு மேலே. அதன் வழியாக அப்பாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. கப்பல் கொற்கைக்கு இன்னும் வந்து சேரவில்லை. அப்போது மதினி கத்தினார். நான் ஓஸை மூடினேன். மூடிய அதே நொடியில் உள்ளே தூவுகிற தண்ணீரின் சத்தம் மாறியது. மெலிந்திருந்த சத்தம் சட்டென்று தடித்தது. பச்சைத் தண்ணீர் திரும்பி வந்துவிட்டது. என் ஓஸ் அதுவரை அந்தத் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, உள்ளே கொதிக்கிற வெந்நீர் மட்டும் அப்பாவின் மேல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே ஓடுவதற்கு முன்பே எனக்கு இது தெரிந்துவிட்டது.

அப்பா கத்தவில்லை. உணர்ச்சி இல்லாத இடது தோள். சிவந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் எழும்பியது. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, என்ன ஆயிற்று என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ஷவரைத் தட்டிவிடுவதற்கு முன் மதினி தன் வலது கையை நடுவே கொடுத்துத் தடுத்திருக்கிறார். உள்ளங்கையும் மணிக்கட்டும் வெந்துபோயிருந்தன. தன் கையைப் பார்க்காமல் அப்பாவின் தோளில் ஈரத்துணியைப் போட்டு, "மாமா, மாமா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் வீட்டுக்கே வந்து இருவருக்கும் மருந்து போட்டார். நான் ஆறுமுகநேரியில் இருக்கிற அக்காவுக்குப் போன் செய்தேன். சாயங்காலம் அக்கா வந்து இறங்கினாள்.

"ஏளா, கொதிக்க தண்ணியையா மனுசன் மேல ஊத்துவ? அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லன்னு தெரியும்லா. போனைப் பாத்துக்கிட்டு நின்னியா?" அக்கா கெட்டவள் இல்லை. அப்பாவின் தோளைப் பார்த்தவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. மதினி சுவரோரம் நின்றார், கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு. "பாத்துத்தான் வச்சேன். திடீர்னு மாறிட்டு" என்றார். "தண்ணி அதுவாவா மாறும்?" என்றாள் அக்கா. தண்ணீர் அதுவாக மாறாது. அதை மாற்றியவன் அதே அறையில், கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு வாக்கியம் போதும். என் வாயில் அந்த வாக்கியம் முழுதாகத் தயாராக இருந்தது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் மூச்சுவிடாமல் பேசுகிறவன், அன்று பேசவில்லை. வெட்கமா பயமா என்று இத்தனை வருடம் யோசித்துவிட்டேன். இரண்டும்தான். அக்கா திட்டுவாள் என்ற சின்னப் பிள்ளையின் பயமும் அதில் இருந்தது.

வெளியே வந்து வண்டியருகே நின்றேன். நுரையோடு விட்டுவிட்டு ஓடிய வண்டி பளிச்சென்று இருந்தது. வெயிலில் காய்ந்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை, பார்த்துவிட்டுப் போய்விட்டேன்.

அக்கா ஒரு வாரம் தங்கினாள். அப்பாவைக் குளிக்கவைக்கப் பயந்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். அப்பா பேசவில்லை. முதல் நாள் பேசவில்லை, இரண்டாம் நாள் பேசவில்லை. காலையில் குளிக்கிற நேரம் வந்ததும் வலது கையைத் தூக்கிக் குளியலறைப் பக்கம் காட்டுவார். பிறகு அதையும் விட்டுவிட்டார். துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதும்போது கண் மட்டும் சன்னலுக்குப் போய்த் திரும்பும். அக்கா முடிவு செய்துவிட்டாள்: ஞாயிற்றுக்கிழமை கார் வரும், அப்பாவை ஆறுமுகநேரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். அங்கே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மதினியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவோடு மதினிக்கு இருந்த நல்ல பெயரும் அந்தக் காரில் ஏறிப் போய்விடும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நடுக்கடலில் இருந்த அண்ணனுக்குப் போன் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மதினி என்னைக் கூப்பிட்டார். குளியலறைத் தளத்தில் சாத்திய ஏணியின் உச்சிப்படியில் நின்றுகொண்டிருந்தார். தொட்டியின் மூடி திறந்திருந்தது. "இங்கன கைய விட்டுப் பாருங்க தம்பி." பனி இறங்கிய மார்கழிக் காலை. வேப்பமரத்திலிருந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. உப்பளங்களின் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. தொட்டியின் இருட்டுக்குள் கையை விட்டேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. எங்கோ ஒரு தூங்குகிற உடம்பைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டேன். ஈர விரலை நாக்கில் வைத்தேன். கரித்தது.

"அஞ்சு நாளா காப்பி கரிக்கல" என்றார் மதினி. "மாமாவக் குளிப்பாட்டாத அஞ்சு நாள். அதான் யோசிச்சேன். இன்னைக்கு விடிஞ்சதும் ரெண்டு திருகையும் தொறந்து, ஷவர் பித்தான மட்டும் அமுக்காம வச்சுட்டு வந்தேன். வெளியபோக வழியில்லாம அந்த உப்புத் தண்ணி இந்தப் பக்கமா ஏறுது. நாம சுட வச்ச தண்ணி திரும்பி மேல வருது." அவர் கணக்கியல் படித்தவர். இயற்பியல் படித்தவன் ஏணியில் அவருக்குக் கீழே ஒரு படியில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு மட்டும் பச்சைத்தண்ணி ஏன் நின்னுபோச்சு?" என்றார். "வேற குழாய் ஏதாவது தொறந்திருக்கும்" என்றேன். "ம். தொறந்திருக்கும்" என்றார். மூடியை ஒற்றைக் கையால் தள்ளி மூடினார். "அண்ணாச்சிக்குப் போன் போடுங்க. நாளைக்குள்ள முடியணும்."

பிளம்பர் அண்ணாச்சி கடற்கரைக்காரர். இளவயதில் சங்கு குளிக்கப் போனவர். ஆழத்தில் ஒருநாள் காது வெடித்து, இடது காது போனபின் குழாய் வேலைக்கு வந்தவர். கேட்க வேண்டியதைக் கையால் கேட்பார். குழாயின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மதினியை ஒவ்வொரு திருகாகத் திறக்கச் சொல்லி, தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பின்பக்கத்து ஓஸ் குழாயைத் திறந்துவிட்டு வந்து மறுபடி கையை வைத்தார். "இந்தா, பச்சை செத்துபோச்சு" என்றார். "தங்கச்சி சொன்னது சரிதான். மேல நிக்க தண்ணி கீழ உள்ளதை அமுக்கும். கடலுக்குள்ள என் காதை அமுக்குனதும் அதான. சார் பாடம் நடத்துதாக, அவுகளுக்குத் தெரியாததா." குத்திச் சொன்னாரா, மரியாதையாகச் சொன்னாரா, தெரியவில்லை. நான் போய் அவருக்குக் காப்பி கொண்டுவந்தேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும், சனிக்கிழமை மத்தியானம்வரை வேலை நடந்தது. நல்ல தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்து கழுவி, உச்சிக்குக் கொண்டுபோய் உப்புத் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் அதே உயரத்தில் வைத்தார்கள். கயிறு கட்டி இழுத்தபோது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். வெயில் படாமலிருக்க மேலே தென்னங்கீற்றால் ஒரு பந்தல். குளியலறைப் பச்சைத் தண்ணீருக்கு மட்டும் தொட்டியிலிருந்து தனிக்குழாய். வீட்டில் வேறு எந்தக் குழாயைத் திறந்தாலும் அது அசையாது. கீசருக்குள் போகிற வழியில், போன தண்ணீர் திரும்பாதபடி ஒருவழி வால்வு. கீசரின் சூட்டைக் குறைத்துவைத்தார். என் புதுக்குழாயைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டினார். கழற்றியதிலிருந்து சிவப்புப் புள்ளித் திருகு உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அக்கா இதையெல்லாம் கைகட்டிக்கொண்டு பார்த்தாள். மதினி அவளிடம் இரண்டு தொட்டிகளையும் காட்டி விளக்கினார்: உயரம் வேறுவேறாக இருந்தது, குழாயில் கோளாறு, இப்போது சரியாகிவிட்டது. யார் வைத்தது, யார் திறந்தது என்று ஒன்றும் இல்லை. "நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க. இன்னைக்கு ஒருநாள் நான் குளிப்பாட்டிக்கிடுதேன். நீங்களும் கூட நில்லுங்க." நீ கையைக் காட்டு, நான் பார்க்கிறேன் என்றாள் அக்கா. வெந்த வலது கையில் இன்னும் கட்டு இருந்தது. மதினி இடது முழங்கையை நீட்டினார். அக்காவையும் நீட்டச் சொன்னார். இரண்டு பெண்களும் ஒரே தண்ணீரில் முழங்கையைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அண்ணாச்சி வெளியே போய், வீட்டிலிருந்த எல்லாக் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். "மாறுதா?" என்று கத்தினார். "மாறல" என்றாள் அக்கா.

அப்பாவின் தோளில் மருந்து போட்ட இடத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் இறங்கியது. நான் கதவுக்கு வெளியே வழக்கமான இடத்தில் நின்றேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. ஆவி வந்தது, சோப்பு வாசனை வந்தது. இனிமேல் பேசமாட்டார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஆறு நாளில் அந்த வழி தூர்ந்துபோயிருக்கும். அப்போது, "மெல்ல" என்று கேட்டது. "மெல்ல, மெல்ல. தரை தட்டிரும்." மதினி, "எங்க மாமா போகுது?" என்றார். "கொற்கைக்கு." கொஞ்சம் பொறுத்து, "மக வந்திருக்கா. அவளையும் ஏத்திக்க" என்றார் அப்பா. அக்கா வெளியே வந்தாள். சேலை முழுக்க நனைந்திருந்தது. என்னைத் தாண்டிப் போய் அடுக்களையில் நின்று அழுதாள். ஞாயிற்றுக்கிழமை வந்த கார் அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. போகும்போது மதினியின் கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அப்பா இரண்டு வருடம் இருந்தார். அந்தக் கப்பல் தினமும் வந்தது. அவர் போனபின், அண்ணன் கடல் வேலையை விட்டுவிட்டு, மதினியோடு கோயம்புத்தூரில் மகளிடம் போய்விட்டார். எனக்குக் கல்யாணம் ஆயிற்று, வீட்டை மாற்றிக் கட்டினேன். திருகு மட்டும் மேசைக்கு மேசை என்னோடு வந்தது.

சென்ற வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காக இருவரும் வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். அண்ணன் தெருவில் பழைய சிநேகிதர்களோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். மதினி என் அறைக்குள் வந்தார். தலை நரைத்திருந்தது. விடைத்தாள்களின் மேலிருந்த திருகை எடுத்தார், என்ன என்று கேட்கவில்லை. வலது உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அந்தக் கையின் மணிக்கட்டில் தோல் இன்னும் வேறு நிறமாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்ததும் என்னால் அதற்குமேல் முடியவில்லை. "மதினி, அன்னைக்கு ஓஸைத் தொறந்து வண்டி கழுவிக்கிட்டிருந்தது நான்தான்" என்றேன்.

"தெரியும் தம்பி" என்றார். திருகைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "ஓஸ் நின்னதும்தான பச்சைத்தண்ணி திரும்பி வந்துச்சு. நுரையோட நின்னுச்சுல்லா வண்டி. உங்க அக்கா வந்து இறங்குறதுக்கு முன்னால நான்தான் கழுவித் தொடச்சுப் போட்டேன்."

உப்புத் தண்ணீரும் நுரையும் வெயிலில் தானாகக் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படியும். பளிச்சென்று நிற்காது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். "அந்தக் கையோடயா?" என்றேன்.

"வலது கைதான வெந்துச்சு. இடது கை சும்மாத்தான இருந்துச்சு." பிறகு, நான் கேட்காததற்கும் பதில் சொன்னார். "என்னை ஏசுனா நான் கேட்டுக்கிட்டு நிப்பேன். நீங்க நிக்க மாட்டீங்க, வீட்டை விட்டுப் போயிருவீங்க. மாமாவுக்கு நீங்களும் வேணும்லா."

திருகைத் தாள்களின் மேல் இருந்த இடத்திலேயே வைத்தார். பயணக் கசகசப்பு, குளிக்க வேண்டும் என்றார். துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அதன்பின் வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. முழங்கையை நீட்டிக் கண்மூடி நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். அடுக்களையில் என் மனைவி குழாயைத் திறக்கப் போனாள். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, தண்ணீர் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.